பிக்கப்பை மாற்ற வேண்டாம், வயரை மாற்றுங்கள்

மாசித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கிப்சன் லெஸ் போல் மாடலின் சாயலில் செய்த மலிவு எலக்ட்ரிக் கிட்டார். தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, இரண்டும் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் வகை; எது பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மூன்று நிலைச் சுவிட்ச். கோவில் மேடையில் அவனுடைய குழு எல்லாவற்றையும் வாசிக்கும்: முதலில் பக்திப் பாட்டு, பிறகு பழைய சினிமாப் பாட்டு, நடுச்சாமத்துக்கு மேல் எல்லாரையும் ஆட வைக்கும் பைலா.

"எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தாண்ணே வருது. பைலாவுக்கு ரிதம் அடிச்சா பேஸ் கிட்டாரோட போய் ஒட்டிக்குது. கொழும்புக்குப் போய் வேற பிக்கப் வாங்கிட்டு வரலாமான்னு பாக்குறேன்" என்றான்.

கிட்டாரைக் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் ஒரு சாம்பல் வயர் வந்தது. அதன் தோலுக்குள் நான்கு நிறங்களில் நான்கு வயர், கூடவே உறையில்லாத வெறும் கம்பி ஒன்று. நான்கில் இரண்டை ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, மூலையில் திணித்து வைத்திருந்தார்கள். தொழிற்சாலைக்கு அந்த இரண்டும் ஒட்டியே இருந்தால் போதும், தம்பிக்குத்தான் அவை பிரிய வேண்டும். அவன் கேட்ட சத்தம் அந்த டேப்புக்குள் இருந்தது.

காசல்ரியில் நடப்பதுதான் இங்கேயும்

பிக்கப் ஒரு மைக் என்று பலர் நினைக்கிறார்கள். அது மைக் இல்லை, ஒரு குட்டி மின் நிலையம். காசல்ரி நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமுள்ள விமலசுரேந்திர மின் நிலையத்துக்கு இறங்கி அங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதோடு காந்தம் சுழல, பக்கத்திலுள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால் மின்னழுத்தம் உண்டாகும் என்று 1831இல் மைக்கேல் ஃபரடே காட்டியதுதான் இதற்கு அடிப்படை.

பிக்கப்பிலும் காந்தம் உண்டு, அதைச் சுற்றிச் செம்புச் சுருள் உண்டு. இரண்டுமே அசையாது. அசைவது மேலே இருக்கும் இரும்புத் தந்தி. கீழேயுள்ள காந்தம் தந்தியையும் ஒரு சின்னக் காந்தமாக்கி விடுகிறது. ஐந்தாவது தந்தியைத் திறந்தபடி மீட்டினால் அது நொடிக்கு 110 தடவை ஆடும். அந்த ஆட்டத்துக்கேற்ப சுருளில் மின்னழுத்தமும் ஏறி இறங்கும். அம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நைலோன் தந்தியை மாட்டினால் பிக்கப்புக்கு எதுவும் கேட்காது, இரும்பு இல்லையே.

சுருளின் கம்பி ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர் தடிப்பு, தலைமுடி அளவுதான். ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் வகைப் பிக்கப் ஒன்றில் அதை 8,000 சுற்று அளவில் சுற்றியிருப்பார்கள். இந்தக் கம்பியை நான் பயத்தோடு மதிக்கிறேன். முதன்முதல் ஒரு நண்பரின் பிக்கப்பைத் திறந்தபோது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிச் சுருளில் உரசியது. ஒரு சுற்று அறுந்தால் 8,000 சுற்றும் செத்த மாதிரி. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அதனால் ஆரம்பத்திலேயே சொல்லி விடுகிறேன்: இந்தக் கட்டுரையில் வரும் எந்த வேலைக்கும் சுருளைத் தொடத் தேவையில்லை. வயர் முனைகளோடு நம் வேலை முடிந்துவிடும்.

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். எந்தப் பிக்கப்பும் எல்லாச் சுருதிகளையும் சமமாக அனுப்புவதில்லை. கீழ்ச் சுருதிகள் ஏறக்குறைய சமமாகப் போகும். மேலே போகப் போக ஓரிடத்தில் எருதின் திமில் மாதிரி ஒரு மேடு வரும், அதைத் தாண்டியதும் சரசரவென்று சரிவு. அந்தத் திமில் எங்கே இருக்கிறது என்பதுதான் பிக்கப்பின் குரல். அது இருக்கும் இடத்தைச் சுருளின் தூண்டமும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்), கிட்டாரிலிருந்து போகும் கேபிளின் கொள்ளளவமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆறு மீற்றர் கேபிளோடு சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்பில் திமில் 4 கிலோ ஹேர்ட்ஸை (நொடிக்கு 4,000 ஆட்டம்) ஒட்டி நிற்கும், கண்ணாடி தட்டியது போன்ற சத்தம். ஹம்பக்கரில் அது 3 கிலோ ஹேர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும், சத்தம் தடிக்கும். பிக்கப் வயரிங்கில் நாம் செய்வதில் பாதிக்கு மேல் இந்தத் திமிலை அங்கேயும் இங்கேயும் நகர்த்துகிற வேலைதான்.

ஹம்பக்கரின் தந்திரம்

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு நோய் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. டியூப் லைட், டிரான்ஸ்ஃபோமர், மேடை விளக்கு எல்லாம் அந்த 50 ஹேர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் காற்றில் இறைக்கின்றன. சுருளுக்குத் தந்தி எது, டியூப் லைட் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து அனுப்பும். பாட்டு நின்ற இடைவெளியில் "ங்ங்ங்" என்று ஒரு உறுமல் கேட்கும்.

கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் இதற்குக் கண்ட வழிதான் ஹம்பக்கர். இரண்டு சுருளை அருகருகே வைத்தார். இரண்டாவது சுருள் மின்சாரப்படி எதிர்த் திசையில் போகிறது, அதன் காந்தமும் எதிர் முனை. உறுமலுக்குக் காந்தத்தோடு சம்பந்தமில்லை, அது சுருளில் நேரடியாக ஏறுவது. ஒரு சுருளில் மேலே ஏறினால் மற்றதில் கீழே இறங்கும், இரண்டும் கூடினால் பூஜ்யம். தந்தியின் சத்தமோ இரண்டு தடவை தலைகீழாகிறது, சுருளால் ஒன்று, காந்தத்தால் ஒன்று. இரண்டு தடவை திரும்பினால் பழைய திசைதான். ஆகவே தந்திச் சத்தம் கூடுகிறது, உறுமல் கழிகிறது. ஒரு ரூபா எலக்ட்ரொனிக்ஸ் இல்லாமல் வெறும் செம்பையும் காந்தத்தையும் வைத்து இதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தொழிற்சாலையில் இந்த இரண்டு சுருளையும் ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது தொடராக, இணைக்கிறார்கள். முதல் சுருளின் வால் இரண்டாவதின் தலையோடு. டேப் சுற்றிய அந்த இரண்டு வயர் இந்த இணைப்புத்தான். அதைப் பிரித்தால் சுருள்களை வேறு விதமாகவும் கட்டலாம்.

மூன்று கட்டு

மறுபடியும் மின் நிலையத்துக்கே போவோம். விமலசுரேந்திரவில் சக்கரம் சுற்றிய அதே தண்ணீர் நோர்ட்டன் குளத்திலிருந்து இறங்கிப் பழைய லக்சபானவிலும் சக்கரம் சுற்றுகிறது. ஒரே தண்ணீர், இரண்டு உழைப்பு. இது தொடர் இணைப்பு. மவுசாக்கலைத் தண்ணீரோ கென்யன் வழியாக வந்து புதிய லக்சபானவில் தன் வேலையை முடிக்கிறது. பழைய லக்சபானத் தண்ணீரும் அதுவும் கடைசியில் ஒரே குளத்தில் கலக்கின்றன. இரண்டு தனிப் பாதை, ஒரே முடிவிடம். இது சமாந்தர இணைப்பு.

சுருளுக்கும் அப்படித்தான். தொடரில் இரண்டு சுருளின் மின்னழுத்தமும் கூடும், சத்தம் பெரிது. தூண்டமும் கூடுவதால் திமில் கீழே இறங்கும், குரல் தடிக்கும். சமாந்தரத்தில் மின்னழுத்தம் ஒரு சுருள் அளவுக்குத்தான் வரும். தூண்டமோ தொடரில் இருந்ததில் நாலில் ஒன்றாகிவிடும், திமில் இரண்டு மடங்கு மேலே ஏறும். மல்டிமீட்டரிலேயே இதைப் பார்க்கலாம்: தொடரில் 8 கிலோ ஓம் காட்டும் ஹம்பக்கர் சமாந்தரத்தில் 2 கிலோ ஓம் காட்டும். மூன்றாவது வழி, ஒரு சுருளை முற்றிலும் தூங்கவைத்து மற்றதை மட்டும் பாடவிடுவது. இதைச் சுருள் பிரிப்பு என்போம். மீட்டர் 4 கிலோ ஓம் சொல்லும். சத்தம் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பக்கம் போகும், உறுமலும் கூடவே திரும்பி வரும்.

இணையத்தில் எங்கே தேடினாலும் சுருள் பிரிப்பைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. தோட்டத்து மேடையில் சீரியல் பல்பும் டியூப் லைட்டும் மைக் செட்டும் ஒரே வயரில் தொங்கும். அங்கே பிரித்த சுருள் உறுமியே தீரும். சமாந்தரக் கட்டில் உறுமல் இல்லை, சத்தமும் மெல்லிசாக, வெளிச்சமாக இருக்கும். பைலா ரிதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே தம்பிக்குச் சமாந்தரம்தான் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குத் தேவை ஒரு புஷ்-புல் வொல்யூம். வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான குமிழ்தான், இழுத்தால் அடியிலுள்ள ஆறு கால் சுவிட்ச் மாறும். மூன்று மூன்றாக இரண்டு வரிசைக் கால்கள். இனி கவனமாகப் படியுங்கள். டேப் சுற்றிய இரண்டு வயரையும் பிரித்து, நடுக் கால்கள் இரண்டிலும் ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். ஒன்று முதல் சுருளின் வால், மற்றது இரண்டாவது சுருளின் தலை. ஒரு பக்கத்து முனைக் கால்கள் இரண்டையும் சின்னத் துண்டு வயரால் ஒன்றோடொன்று இணைத்து விடுங்கள். சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கும்போது வாலும் தலையும் சேரும், பழைய தொடர் கட்டு. எதிர்ப் பக்கத்தில், வால் இருக்கும் வரிசையின் முனைக் கால் எர்த்துக்கு; தலை இருக்கும் வரிசையின் முனைக் கால் சத்தம் போகும் வயருக்கு. முதல் சுருளின் தலை எப்போதும் சத்த வயரில்தான், இரண்டாவதின் வால் எப்போதும் எர்த்தில்தான். வேலை அவ்வளவுதான். சமாந்தரப் பக்கம் தள்ளியதும் சத்தமே இல்லாமல் போனால் பிக்கப்பைச் சந்தேகிக்காதீர்கள். நடுக் கால் வயர் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

சுருள் பிரிப்புத்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேலை இன்னும் சின்னது. டேப் சுற்றிய ஜோடியைப் பிரிக்காமல் அப்படியே நடுக் கால் ஒன்றில் வைத்து, முனைக் கால் ஒன்றை எர்த்துக்குக் கொண்டு போனால் போதும். இழுத்தால் ஒரு சுருள் எர்த்தோடு சேர்ந்து மௌனமாகிவிடும்.

நிறத்தை நம்பி மோசம் போகாதீர்கள்

எந்த வயர் தலை, எந்த வயர் வால்? நிறத்தை வைத்து முடிவு செய்யப் போனால் வம்பு. சீமர் டங்கன் நிறுவனத்துப் பிக்கப்பில் கறுப்புத்தான் சத்த வயர், டேப்பில் சேர்வது சிவப்பும் வெள்ளையும். டிமார்ஸியோ நிறுவனத்துப் பிக்கப்பில் சிவப்பு சத்த வயர், சேர்வது கறுப்பும் வெள்ளையும். பெயரில்லாத கிட்டாரில் என்ன நிறம் எங்கே என்று அதைச் செய்தவனுக்கே நினைவிருக்காது.

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வையுங்கள். டேப்பை அவிழ்த்து, வயர்களை எல்லா இணைப்பிலிருந்தும் விடுவித்து, இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். 4 கிலோ ஓம் அளவில் காட்டினால் அந்த இரண்டும் ஒரே சுருளின் முனைகள். ஒன்றுமே காட்டாவிட்டால் வேறு வேறு சுருள்.

அடுத்தது திசை. மீட்டர் முனைகளை ஒரு சுருளில் பிடித்துக்கொண்டு, ஒரு இரும்பு ஸ்க்ரூ டிரைவரை அந்தச் சுருளின் காந்த முனைகள் மேல் படுக்க வைத்து, சட்டென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் கூடும் அல்லது குறையும். கூடினால் சிவப்பு முனை தொட்ட வயருக்கு ஒரு சின்ன டேப் ஒட்டி 'தலை' என்று எழுதுங்கள். குறைந்தால் கறுப்பு முனை தொட்டதுதான் தலை. இரண்டு சுருளுக்கும் இப்படிச் செய்தால் நிறம் எதுவாக இருந்தாலும் பிழை வராது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் முதல் தடவை அந்த எண் துள்ளுவதைப் பார்க்கும்போது உங்கள் கையிலேயே ஒரு மின் நிலையம் ஓடிய மாதிரி இருக்கும்.

சில பழைய பாணி ஹம்பக்கரில் வலைக்கம்பி போர்த்திய ஒரே ஒரு வயர்தான் வரும். அதில் சுருள்களின் இணைப்பு உள்ளேயே மறைந்திருக்கும். அதைத் திறக்கத்தான் வேண்டும், ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதில் கை வைக்காதிருப்பது நல்லது.

மூன்று ஒற்றைச் சுருள் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் 1954இல் வந்தபோது மூன்று நிலைச் சுவிட்சோடுதான் வந்தது. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைக்கு நடுவே தொங்கவிட்டு, இரண்டு பிக்கப் சேர்ந்து பாடும் சத்தத்தைத் தாமாகவே கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலைச் சுவிட்சைத் தொழிற்சாலை போட்டுத் தந்தது 1977இல். ஆனாலும் அந்த ஐந்தில் கழுத்துப் பக்கப் பிக்கப்பும் பாலத்துப் பக்கப் (தந்திகளின் அடிமுனைப் பக்கம்) பிக்கப்பும் சேர்ந்த சத்தம் இல்லை. மூன்றும் சேர்ந்ததும் இல்லை. கழுத்துப் பிக்கப்பை நேராகச் சேர்த்துவிட ஒரு சாதாரண ஓன்-ஓஃப் சுவிட்ச் போட்டால் இரண்டும் கிடைக்கும், ஐந்து ஏழாகும். பற்றவைக்க வேண்டியது இரண்டே இடம். முதல் வேலையாக எதைச் செய்வது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதன் இன்னொரு வகை, ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் தலைகீழாக்குவது. அந்தப் பிக்கப் தனியாகப் பாடும்போது ஒரு வித்தியாசமும் கேட்காது. இன்னொன்றோடு சேர்ந்தால்தான் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். கீழ்ச் சுருதிகள் பெரும்பாலும் கழிந்து, மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்த சத்தம் மிஞ்சும். குவீன் குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மே தன் தகப்பனோடு சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கிய கிட்டாரில் மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியே ஓன்-ஓஃப் சுவிட்சும் திசை மாற்றும் சுவிட்சும் உண்டு. கேட்க அருமைதான். ஆனால் மேடையில் சத்தம் பாதியாகச் சுருங்கிவிடும், நான் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டேன். உலோக மூடி போட்ட பிக்கப்பில் இதைச் செய்யும்போது மூடி எர்த்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை பட்டவுடன் உறுமும்.

காசில்லாத மாற்றங்கள்

உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி உயரத்தை மாற்றிப் பாருங்கள். கிட்டார்க் கழுத்தின் கடைசி ஃப்ரெட் கட்டத்தில் தந்தியை அழுத்திப் பிடித்தால், தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருப்பது நல்ல தொடக்கம். மிக நெருங்கினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்துச் சுருதியையே குழப்பும். விலக்கினால் சத்தம் குறையும், ஆனால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.

டோன் குமிழில் இருக்கும் கெப்பாசிட்டரும் மலிவு. தேயிலை ஸ்டோரில் ஒரே தூளைச் சலித்துத்தானே பி.ஓ.பி. என்றும் டஸ்ட் என்றும் பிரிக்கிறார்கள்? சல்லடைக் கண்ணை மாற்றினால் விழுவது மாறும். 0.047 மைக்ரோஃபாரட் போட்டால் குமிழைக் குறைக்கும்போது மேல்ச் சுருதிகளோடு நடுச் சுருதிகளும் கொஞ்சம் போகும். 0.022 போட்டால் நடுச் சுருதி மிஞ்சும். கெப்பாசிட்டர் மேல் இவை 473, 223 என்று அச்சாகியிருக்கும். பழுதான ரேடியோவிலிருந்து கழற்றியதும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதே ரேடியோவின் வொல்யூமைக் கழற்றிக் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். அவை பெரும்பாலும் 10, 20, 50 கிலோ ஓம். கிட்டாருக்கு ஒற்றைச் சுருளென்றால் 250 கிலோ ஓம், ஹம்பக்கரென்றால் 500 கிலோ ஓம். சிறிய எண்ணைப் போட்டால் திமில் படுத்துவிடும், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் கேட்கும்.

வொல்யூமைக் குறைத்தால் கூர்மையும் சேர்ந்து போகிறதா? வொல்யூமின் உள்ளீட்டுக் காலுக்கும் நடுக் காலுக்கும் குறுக்கே 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கம்பக்கமாகப் பற்றவையுங்கள்.

சாமான்களுக்கு எங்கள் பக்கத்தவர்கள் பெரும்பாலும் ரயிலேறிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குத்தான் போகிறார்கள். வொல்யூமின் முதுகில் எர்த் வயரைப் பற்றவைக்க 25 வாட் சோல்டரிங் அயர்ன் திணறும், 40 அல்லது 60 வாட் வாங்குங்கள். ஈயம் உருகிப் பரவி மினுங்க வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. நுவரெலியா, நானுஓயாப் பக்கம் பனியும் ஈரமும் சுவிட்சுக்குள் போய்க் கரகரக்க வைக்கும். கிட்டாரைத் திறந்த கையோடு கொண்டக்ட் கிளீனர் ஒரு சொட்டு அடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதில் விளையாட்டில்லை. பாலத்துக்குக் கீழே போகும் ஒரு வயர் தந்திகளை அம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம். அம்ப்ளிஃபயரின் எர்த் முள்ளை வெட்டிவிட்டோ, மேல் துளையில் பேனை மூடியைச் செருகி இரண்டு முள்ளை மட்டும் குத்தியோ ஓட்டினால், ஒரு கை தந்தியில் இருக்க உதடு மைக்கில் படும்போது மின்சாரம் உங்கள் வழியாகப் போகலாம். மேடை ஏறுமுன் அந்தச் சொக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று லைட் போட வந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

தம்பியின் கிட்டாரில் பாலத்துப் பிக்கப்புக்கு மட்டும்தான் நான் செய்தேன். கழுத்துப் பிக்கப்பை அவனே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன், கழற்றுமுன் படம் எடுத்து வைக்கச் சொல்லி. திருவிழாவுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு போன் வந்தது.

"அண்ணே, இழுத்தா சத்தமே போயிருது. பிக்கப் செத்துருச்சு போல."

"சாகல. நடுக்கால் ரெண்டு வயரையும் மாத்திப் பத்தவை."

போனை வைக்காமல் ஒரு பக்கமாகப் போட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் லயத்து நாய் குரைப்பு மட்டும் கேட்டது. பிறகு பைலா ரிதம்.